மேஸ்திரிக்கு விழுந்த ஓட்டுகள்

ஒன்பது வருடம் நான் அவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் எங்கள் அணியின் கோல்கீப்பர், நான் அவருக்கு அடுத்த கோல்கீப்பர். அடுத்த என்றால், அவருக்குக் காய்ச்சல் வந்தால் நான். அந்த மனிதருக்குக் காய்ச்சலே வரவில்லை. ஒன்பது வருடத்தில் ஒரு தும்மலாவது தும்மியிருப்பாரா என்பது சந்தேகம். அதனால் எனக்கு ஸ்டெப்னி என்று பெயர் வைத்தார்கள். வண்டியின் பின்னால் சும்மா தொங்கிக்கொண்டிருக்கும் டயர்.

அவருக்கு மேஸ்திரி என்று பெயர். எதிரணி ஃப்ரீகிக் அடிக்க வரும்போது நம் ஆட்கள் நாலைந்து பேர் தோளோடு தோள் ஒட்டிச் சுவராக நிற்பார்கள் இல்லையா, அந்தச் சுவரை நிறுத்துவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. "இன்னும் அரை அடி தள்ளு. நீ ஏன்டா குனியற? அவன் தோளுக்கும் உன் தோளுக்கும் நடுவுல காத்துகூடப் போகக்கூடாது" என்று கத்துவார். கோல் வாசல் கட்டிட வேலை நடக்கிற இடம் மாதிரியே இருக்கும். அவர் மனைவியே பழக்கதோஷத்தில் "மேஸ்திரி வேலைக்குப் போயிட்டாரே" என்றுதான் சொல்லுவாள்.

எங்களுடையது ஒரு குளிர்கிடங்குக் கம்பெனியின் அணி. மீன், கறி, பட்டாணி எல்லாம் பெட்டி பெட்டியாக உறைந்து கிடக்கும் இடம். அந்த இடத்துக்கு நாங்கள் வைத்திருந்த பெயர் 'உள்ளே'. உள்ளே என்றால் பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரி. மெத்தை மாதிரி ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு இருபது நிமிடம் பெட்டி தூக்க வேண்டும், பத்து நிமிடம் வெளியே வந்து விரல்களை ஊதிக்கொள்ள வேண்டும், மறுபடி இருபது நிமிடம். முந்நூறு பேருக்கு அதுதான் வேலை. அணியில் இருக்கும் பதினெட்டுப் பேருக்கு மட்டும் லேபிள் பிரிவு. நாற்காலியில் உட்கார்ந்து பெட்டிக்குச் சீட்டு எழுதி ஒட்டலாம். இரண்டு மணிக்கு விடுவார்கள், மைதானத்துக்குப் போகலாம். ஒவ்வொரு வியாழக்கிழமையும் கோச் ஒட்டும் பட்டியலில் பெயர் இல்லையென்றால் மறுநாள் காலை ஜாக்கெட்டை மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். பந்து விளையாட்டு என்று வெளியில் இருப்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும், எங்களுக்கு அது நாற்காலி.

கம்பெனி ஒரு கோச்சைக் கொண்டுவந்து வைத்திருந்தது. விடியற்காலையிலேயே விசில் ஊதுவதால் அலாரம் என்று அவருக்குப் பெயர். முகத்தைப் பார்க்க மாட்டார், கையிலிருக்கும் கடிகாரத்தைத்தான் பார்ப்பார். ஒரு வியாழக்கிழமை நாலு பேரைப் பட்டியலிலிருந்து தூக்கிவிட்டார். காரணம் கேட்டதற்கு, "கடிகாரத்தைக் கேளு" என்றார். அடுத்த மேட்ச் அரையிறுதி. பதினெட்டுப் பேரும் ஷூ நாடாவைக் கட்டி, உடை மாற்றும் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டோம். எல்லோரையும் உட்காரவைத்தவர் கேப்டன் மேஸ்திரி. நடுவர் இரண்டு முறை கதவைத் தட்டினார். மூன்றாவதாக மேனேஜரே வந்தார்.

"பஸ்ஸுல போறவன் டிரைவரைத் தேர்ந்தெடுக்க முடியுமாய்யா?" என்றார் மேனேஜர்.

"பஸ்ஸுல போறவனை டிரைவர் நடுவழில இறக்கிவிட்டுட்டுப் போறதில்லையே சார்" என்றார் மேஸ்திரி. "எங்க உடம்பு, எங்க காலு. யாரு ஓட்டணும்னு எங்களையும் ஒரு வார்த்தை கேட்டா என்ன?"

எனக்குப் புல்லரித்தது. இன்றைக்கும் அந்தக் கேள்வியில் தப்பில்லை என்றுதான் சொல்லுவேன்.

ஒரு வாரத்தில் மேனேஜர் இறங்கிவந்தார். அலாரத்தை அனுப்பிவிட்டார், நாலு பேரும் திரும்பினார்கள். "என்ன வேணும்னு நீங்களே எழுதிக் குடுங்க" என்றார். லேபிள் பிரிவில் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து மேஸ்திரி எழுதினார். அணியில் உள்ள பதினெட்டுப் பேரும் வருடத்துக்கு ஒருமுறை ஓட்டுப் போட்டுக் கோச்சைத் தேர்ந்தெடுப்பார்கள் என்று எழுதிக்கொண்டிருந்தபோது, உள்ளேயிருந்து விரலை ஊதிக்கொண்டு வந்த ஒருவன் எட்டிப் பார்த்தான். அவனை ரப்பர் என்போம். எப்படி விழுந்தாலும் எழுந்து ஓடுவான். மூன்று வருடமாக உள்ளே வேலை பார்த்துவிட்டு, மிச்ச நேரத்தில் எங்களோடு பயிற்சிக்கும் வந்துகொண்டிருந்தான்.

"அண்ணே, நாங்களும்தான் ஓடறோம். எங்களுக்கு ஓட்டு கிடையாதா?"

மேஸ்திரி பேனாவை நிறுத்திக் கொஞ்சம் யோசித்தார். "உள்ள இருக்கிறவங்களையும் சேத்தா மேனேஜர் பயந்துடுவாருடா. முதல்ல இது கைக்கு வரட்டும். அப்புறம் சேத்துக்கலாம்."

அப்புறம் வரவே இல்லை. நல்ல எண்ணத்தில் அவர் விட்ட அந்த ஒரு வரிதான் கடைசியில் அவருடைய கழுத்தைப் பிடித்தது. நாற்காலியில் இருப்பவனுக்கு மட்டும் ஓட்டு. நாற்காலிக்காகக் காத்திருப்பவனுக்கு ஒன்றும் இல்லை.

முதல் ஓட்டு வந்தது. "வெளியாள் எதுக்கு? நம்ம மேஸ்திரி இல்ல?" என்று முதலில் எழுந்து பேசியவன் நான்தான். அவருடைய அனுபவம் என்ன, நேர்மை என்ன என்று பத்து நிமிடம் வெளுத்துக்கட்டினேன். எல்லோரும் கைதட்டினார்கள். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. முப்பத்து நாலு வயது, இன்னும் நாலு வருடம் தாராளமாக ஆடியிருப்பார். "எனக்கு ஆடத்தான் தெரியும்" என்று முனகினார். நான் விடவில்லை. அவர் கோச் ஆனால் கோல் காலியாகும். ஒன்பது வருடம் தொங்கிய டயருக்கு வேறென்ன வேண்டும்?

முதல் மேட்சிலேயே மூன்று கோல் விட்டேன்.

அடுத்த நாள் காலையிலேயே அவருக்குத் தொல்லை ஆரம்பித்துவிட்டது. ஆளாளுக்கு வந்து காதைக் கடித்தார்கள். "நான் உனக்குத்தான் போட்டேன் மேஸ்திரி." எல்லோரும் அவருக்குத்தான் போட்டோம், அதில் ரகசியம் என்ன இருக்கிறது? ஆனால் ஒவ்வொருவனும் தான் மட்டும் போட்டமாதிரி சொன்னான். முன்வரிசையில் ஆடும் தொப்பை பந்துக்குப் பின்னால் நடந்துதான் போனான். வயிற்றை வைத்து வந்த பெயர் அது. இடது பக்கத்தில் ஆடுகிறவனுக்கு முட்டி மடங்கவில்லை. யாரையும் தூக்க அவரால் முடியவில்லை. வியாழக்கிழமை வந்தால் பட்டியலை எழுதி, கிழித்து, மறுபடி அதே பட்டியலை எழுதுவார். "அலாரத்துக்கு எங்க மூஞ்சி தெரியாது, தூக்கிட்டான். எனக்கு இவன் வீட்டுல யாருக்கு என்ன மாத்திரைன்னு வரைக்கும் தெரியும், நான் எப்படித் தூக்குவேன்?" என்று என்னிடம் கேட்டார். நான் உச் கொட்டினேன். வேறென்ன செய்ய, நானும் அந்தப் பட்டியலில் இருக்கிறேனே.

எல்லோருக்கும் மேலே மாமா. மேஸ்திரியின் அக்கா வீட்டுக்காரர், அணியில் வலது பக்கப் பின்கள ஆட்டக்காரர். முப்பத்தெட்டு வயது, மூச்சிரைப்பு. உள்ளே போனால் பத்து நிமிடத்தில் அவருடைய நெஞ்சு விசில் அடிக்கும். மேஸ்திரியைக் கம்பெனியில் சேர்த்துவிட்டவரும், முதன்முதலில் கையுறை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். ஒரே வீட்டில் கீழே அக்காவும் மாமாவும், மாடியில் மேஸ்திரியும் மனைவியும். அந்த வீட்டைக் கட்டிய புண்ணியவான் மாடிப்படியை அக்காவின் அடுப்படிக்குள் வைத்துவிட்டான். அக்காவின் முகத்தைப் பார்க்காமல் மேஸ்திரி தன் வீட்டுக்குப் போகவும் முடியாது, தன் வீட்டிலிருந்து வரவும் முடியாது.

பன்னிரண்டு மேட்ச் ஆடி எட்டில் தோற்றோம். பாதி கோல் மாமாவின் பக்கமாக வந்தது, மீதிப் பாதி என் கைக்கு நடுவே போனது. மேனேஜர் கூப்பிட்டு அனுப்பினார். துணைக்கு என்னையும் அழைத்துக்கொண்டு போனார் மேஸ்திரி.

"இன்னும் ரெண்டு மேட்ச். ரெண்டும் ஜெயிக்கலேன்னா கீழ்ப் பிரிவுக்குப் போயிடுவீங்க. கீழ்ப் பிரிவுல ஆடற டீம் கம்பெனிக்கு எதுக்கு? பதினெட்டுப் பேரும் உள்ள போக வேண்டியதுதான்" என்றார் மேனேஜர். அப்புறம் சிரித்துக்கொண்டே, "நான் இதுல வாயே திறக்க மாட்டேன்பா. நீங்களே தேர்ந்தெடுத்த கோச்சு" என்றார்.

வெளியே வந்ததும் மேஸ்திரி சுவரில் சாய்ந்துகொண்டார். "வலது பக்கம் ரப்பரைப் போட்டா அடைச்சிடலாம்."

"அப்பப் போடுங்க."

"மாமாவைத் தூக்கணுமே."

"வீட்டு ஆளு, புரிஞ்சுக்குவாரு" என்றேன். அவர் அடுத்த பெயராக என்னைச் சொல்லிவிடுவாரோ என்று எனக்குப் பயம். மேஸ்திரி விட்ட இடத்தில் சேர்ந்த ஒருவன் எனக்குப் பின்னால் பெஞ்சில் இருந்தான், என்னைவிட நன்றாகப் பிடிப்பான்.

அன்று சாயங்காலமே அக்காவிடம் போனார், என்னையும் விடவில்லை. அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். மாமா கட்டிலில் கால் நீட்டியிருந்தார். மேஸ்திரி நின்றுகொண்டே சொல்லிமுடித்தார்.

"நீ எழுது மச்சான். ரெண்டு மேட்ச்தானே, நான் பாத்துக்கறேன்" என்றார் மாமா.

அக்கா மடித்த சட்டையை உதறி மறுபடி மடித்தாள். "ரெண்டு மேட்ச் முடிஞ்சதும் திரும்ப எடுத்துடுவியா?"

"எடுத்துடறேன்க்கா."

"என் தலைமேல அடிச்சுச் சொல்லு."

அடித்துச் சொன்னார்.

இரண்டு மேட்சும் ஜெயித்தோம். ரப்பர் வலது பக்கத்தில் ஒரு ஈயைக்கூட விடவில்லை. அணி தப்பித்தது. நாற்காலிகள் தப்பித்தன. மாமா உள்ளே இருந்தார்.

லேபிள் பிரிவின் கண்ணாடி வழியாகப் பார்த்தால் குளிர் அறையின் கதவு தெரியும். மேஸ்திரி சீட்டு எழுதுவதை விட்டுவிட்டு அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். மாமா வெளியே வருவார், ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்து, இரண்டு கையையும் முட்டியில் ஊன்றிக்கொண்டு மூச்சை இழுப்பார். பத்து நிமிடம் முடிவதற்குள் பாதி மூச்சுகூடத் திரும்பியிருக்காது. மணி அடிக்கும், எழுந்து போவார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் சத்தம் கேட்காது. ஆனால் மேஸ்திரிக்குக் கேட்டது என்று நினைக்கிறேன், அவரும் கூடவே வாயால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

மாமாவைத் திரும்ப எடுக்க ஒருவனைத் தூக்க வேண்டும். தொப்பையிடம் போனார். "என்னையா? கைய நெஞ்சுல வச்சுச் சொல்லு மேஸ்திரி, உனக்கு யாரு போட்டா?" என்றான். முட்டிக்காரனிடம் போனார். "என் பொண்டாட்டிக்கு எட்டாவது மாசம். இப்பப் போயா?" என்றான். ரப்பர் பத்து விரலையும் நீட்டிக் காட்டினான். மூன்று வருடக் குளிரில் வெடித்த தோல் இன்னும் மூடவில்லை. கடைசியில் மேனேஜரிடமே போய், "சார், என்னை உள்ள அனுப்பிட்டு அவரை இங்க உக்கார வைங்க" என்று கேட்டார். "கோச்சு உள்ள பெட்டி தூக்கினா பயிற்சி யாருப்பா குடுக்கறது? கோச்சு நாற்காலி தனி, பதினெட்டு நாற்காலி பதினெட்டு ஆட்டக்காரங்களுக்கு. நீங்க எழுதின சட்டம்" என்று அந்தக் காகிதத்தையே எடுத்துக் காட்டினார் மேனேஜர்.

என்னிடம் மட்டும் அவர் கேட்கவில்லை. ஒவ்வொரு நாளும் கேட்பார் என்று காத்திருந்தேன். என்ன பதில் சொல்லுவது என்று வீட்டில் ஒத்திகையெல்லாம் பார்த்து வைத்திருந்தேன். கேட்கவே இல்லை. சிநேகிதனிடம் கேட்கக்கூடாது என்று நினைத்தாரோ, நானாகச் சொல்லுவேன் என்று நினைத்தாரோ.

அக்கா தினமும் கேட்டாள். சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை. அவர் படியேறும்போது அடுப்பைப் பார்த்துக்கொண்டே, "இந்த வியாழக்கிழமையா?" என்று மட்டும் கேட்பாள். அவர் வேலை முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் மைதானத்துக் கோல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க ஆரம்பித்தார்.

வருட முடிவு ஓட்டு நெருங்கியது. ஒருநாள் மேஸ்திரி தெளிந்த முகத்தோடு வந்தார். எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

"நான் தோத்துட்டாப் போதும்டா. நானா விலகினா மேனேஜர் பழையபடி அவர் ஆளையே கோச்சாக் கொண்டுவந்துடுவாரு" என்றார்.

ஒரு வெளியூர் கோச்சைப் பிடித்திருந்தார். அந்த ஆள் வந்து ஒருநாள் பயிற்சியைப் பார்த்தார், மாமாவிடமும் பேசினார். பின்கள ஆட்களை அதட்டிக் கட்டிமேய்க்க அனுபவசாலி ஒருவர் வேண்டும், மாமாவைக் கட்டாயம் எடுப்பேன் என்று வாக்குக் கொடுத்தார். கூடவே, "இந்தப் பதினெட்டுல அஞ்சு பேருக்கு ஓட வரலையே" என்றும் சொன்னார். மேனேஜர் இரண்டு பெயரையும் ஓட்டுக்கு வைத்தார்.

அப்புறம் மேஸ்திரி செய்ததை நான் எங்கும் பார்த்ததில்லை. எனக்குப் போடாதே, எனக்குப் போடாதே என்று பதினெட்டுப் பேரிடமும் கையைப் பிடித்துக் கேட்டார். எல்லோரும் தலையாட்டினார்கள். தொப்பை, "உனக்காக இதுகூடச் செய்ய மாட்டேனா?" என்றான். என்னிடம் கடைசியாக வந்தார்.

"பத்து ஓட்டு அந்தாளுக்கு விழுந்தாப் போதும். உன்னுது ஒண்ணு. உன்னை எண்ணிட்டுத்தான் மிச்சம் ஒன்பதுக்கே அலையறேன்."

"எண்ணிக்கோங்க" என்றேன்.

"நான் மறுபடி கோல்ல நிக்க மாட்டேன்டா, உன் இடம் உனக்குத்தான். எனக்கு மாமா வெளிய வந்தாப் போதும்."

அந்த ஐந்து பேரில் நான் உண்டா என்று கேட்க நினைத்தேன். அதைக் கேட்பதற்கு அவசியமே இல்லை.

ஓட்டு, உடை மாற்றும் அறையில் நடந்தது. மத்தியானம் மூன்று மணி, கதவு சாத்தியிருந்தது, வியர்வையும் தைலமும் கலந்த அதே வாசனை. ஆளுக்கொரு வெற்றுச் சீட்டு, லேபிள் பிரிவிலிருந்து எடுத்தது. எழுதி மடித்து ஒரு வாளியில் போட்டோம். மேனேஜர் ஒவ்வொன்றாகப் பிரித்துப் படித்தார்.

மேஸ்திரி. மேஸ்திரி. மேஸ்திரி.

ஐந்தாவது சீட்டு வரையில் அவர் சாதாரணமாக இருந்தார். பத்தாவதில் எழுந்து நின்றார். அதற்கப்புறம் அவர் எண்ணியது பத்து அல்ல, ஒன்று. ஒரே ஒரு சீட்டு. பதினேழு படித்தாகிவிட்டது. மேனேஜர் கடைசிச் சீட்டைப் பிரித்து, "மேஸ்திரி" என்றார். "பதினெட்டுக்குப் பதினெட்டு! ஒருமனதா! இதுக்குத்தானேய்யா அன்னிக்கு இதே ரூம்ல சட்டம் பேசினீங்க" என்று கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்.

"என்னடா பண்ணிட்டீங்க?" என்றார் மேஸ்திரி.

ஷூவைக் கழற்றிக்கொண்டே தொப்பைதான் பதில் சொன்னான். அவனிடம் கோபமோ கிண்டலோ இல்லை, பாசமாகத்தான் சொன்னான். "சொந்த மாமாவையே தூக்கினவன்னு உன்னைக் கம்பெனி நம்பும். அந்த ஒரு ஆளைத் தூக்கிட்டு நீ படற பாட்டைப் பாத்தா, இனிமே யாரையும் தூக்க மாட்டேன்னு எங்களுக்குத் தெரியும். உன்னைவிட நல்ல கோச்சு எங்களுக்கு எங்க மேஸ்திரி கிடைப்பான்?"

ரப்பரும் தலையைக் குனிந்துகொண்டு தன் பையை எடுத்தான். அவன் போட்ட முதல் ஓட்டு அது.

எல்லோரும் போன பிறகு மேஸ்திரி வாளியருகே குந்தி உட்கார்ந்து சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். எண்ணிக்கையைச் சரிபார்க்கிறார் என்று முதலில் நினைத்தேன். பத்து வருடமாக லேபிள் பிரிவில் பக்கத்துப் பக்கத்து நாற்காலி, என் கையெழுத்து அவருக்குத் தெரியும். என் சீட்டை எடுத்துவிட்டார். அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மற்றவற்றோடு சேர்த்து வாளியிலேயே போட்டார். திட்டுவார் என்று நின்றேன். "வா, போகலாம்" என்றார்.

அவர் வீட்டு வாசலோடு நான் திரும்பியிருக்கலாம், கால் ஏனோ உள்ளே போய்விட்டது. அக்கா அடுப்பு முன்னால் நின்றிருந்தாள். எங்களைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்தாள். அப்படி அவளைப் பார்த்து எத்தனையோ மாதம் ஆகியிருந்தது.

"முடிஞ்சுதா? அந்தப் புது ஆளு என்னிக்கு வர்றாராம்? உங்க மாமா நேத்தே ஷூவைத் தொடைச்சு வச்சுட்டாரு."

"நான் ஜெயிச்சுட்டேன்க்கா."

அக்காவுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. "யாருமே அந்தாளுக்குப் போடலையா?"

"யாரும் போடலை."

நான் என் செருப்பைத் தேட ஆரம்பித்தேன். காலில்தான் போட்டிருந்தேன்.

"சரி விடு" என்றாள் அக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இப்பவும் நீதானே கோச்சு? உன் கையிலதானே இருக்கு? இந்த வியாழக்கிழமை நீயே எழுதிடு."

அவர் படியேறினார். பாதிப் படியில் நின்று என்னைப் பார்த்தார். இப்போது கேட்டுவிடுவார் என்று நினைத்தேன். நான் போகிறேன், என் பெயரை எடுத்துவிடுங்கள் என்று சொல்ல எனக்கு அரை நிமிடம் இருந்தது. எனக்கு ஆஸ்துமா கிடையாது, முட்டி வலி கிடையாது, மனைவி கர்ப்பமாகவும் இல்லை. அந்தப் பதினெட்டில் உள்ளே போனால் ஒன்றும் ஆகாதவன் நான் ஒருவன்தான். ஒன்பது வருடம் காத்திருந்தவன் என்பதைத் தவிர என்னிடம் வேறு காரணமே இல்லை. "வரேன்க்கா" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

வியாழக்கிழமை காலை மேஸ்திரி பட்டியலை ஒட்டினார். ஒரு மூலை ஒட்டவில்லை, மறுபடி ஒட்டினார். அதே பதினெட்டுப் பெயர். கோல்கீப்பர் என்பதால் முதலில் என் பெயர். மாமா எல்லோருக்கும் பின்னால் நின்று மேலிருந்து கீழே வரை படித்தார், அப்புறம் கீழிருந்து மேலே படித்தார். "பரவால்ல மச்சான்" என்று மேஸ்திரியின் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு உள்ளே போனார்.

மேஸ்திரி பலகையை விட்டு நகரவில்லை. நான் என் பெயரை இன்னொரு தடவை படித்துக்கொண்டேன். எனக்கு நிம்மதியாக இருந்தது.